இலவங்காய் ஓட்டின் துடிப்பு

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், பாறைகளுக்கு நடுவே ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்து புதுவெள்ளம் வந்ததிலிருந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிப் போயிருந்தது.

கலங்கிய தண்ணீரில் கண் எதற்கு உதவும், சொல்லுங்கள்? ஆனால் மீன்களுக்கு விலா இருக்கிறதே! அருகில் எது துடித்தாலும் அந்தத் துடிப்பு தண்ணீர் வழியே வந்து விலாவைத் தொடும். பூச்சியா, புழுவா, அடிபட்ட குஞ்சா என்று மீன்கள் அதை வைத்தே கண்டுகொள்ளும்.

அந்த ஓடையில் வாழ்ந்த கெண்டை ஒன்று எதையும் துருவிப் பார்க்காமல் விடாது. அதன் தோழனான விரால் நேர் எதிர். பசி வந்தால் முதலில் வாயைத் திறக்கும், பிறகுதான் யோசிக்கும்.

சில நாட்களாக ஓடைத் திருப்பத்துக்கு இரை தேடிப் போன மீன்கள் திரும்பவே இல்லை. கெண்டையின் அக்காளும் அப்படிப் போனதுதான். துக்கம் தாங்காமல் கெண்டை அங்கே புறப்பட்டது. துணைக்கு விராலும் வந்தது.

திருப்பத்தை நெருங்கியதும் இரண்டின் விலாவிலும் படபடவென்று ஒரு துடிப்பு வந்து தட்டியது. மீன்குஞ்சு ஒன்று தத்தளிப்பது போலவே இருந்தது. தண்ணீருக்குள் இருந்தும் கெண்டைக்கு வாயில் நீர் ஊறியது.

விரால் பாயப் போனது. கெண்டை குறுக்கே வந்து மறித்தது.

"கொஞ்சம் பொறு அண்ணே. அடிபட்ட குஞ்சு என்றால் களைத்துப் போகாதா? இது மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லையே."

கெண்டை ஓரமாக நீந்தி, மூக்கு முட்டும் தூரத்தில் போய்ப் பார்த்தது. அங்கே குஞ்சும் இல்லை, புழுவும் இல்லை. இலவங்காயின் காய்ந்த ஓடு ஒன்று கொடியின் நுனியில் கோக்கப்பட்டிருந்தது. கொடியின் மறுமுனை கரையோர வேரில் சுற்றியிருந்தது. வேகமாக வந்த தண்ணீர் வளைந்த ஓட்டின் குழியில் மோதி அதை ஒரு பக்கம் தள்ளியது. அங்கே வழுக்கி மறுபக்கம் தள்ளியது. இப்படி மாறி மாறித் தள்ளியதில், உயிரே இல்லாத ஓடு உயிருக்குப் போராடுவதுபோல் துடித்தது.

அதை ஒட்டி, ஒரு நாரையின் இரண்டு கால்கள் அசையாமல் நின்றன.

அக்காளுக்கு என்ன ஆனது என்று கெண்டைக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை. தேங்கிய தண்ணீரில் போட்டால் இந்த ஓடு செத்துக் கிடக்கும். வளைவில்லாத ஓடாக இருந்தால் சும்மா மிதந்திருக்கும். ஏற்ற ஓட்டைத் தேடி எடுத்து, ஏற்ற நீரோட்டத்தில் கட்டி, வேலை முழுவதையும் தண்ணீரையே செய்ய வைத்திருக்கிறதே இந்த நாரை! பகையாளிதான், ஆனால் என்ன கெட்டிக்காரத்தனம் என்று கெண்டை நினைத்தது.

திரும்பி வந்து சொன்னபோது விரால் நம்பவில்லை.

"என் விலா எனக்குப் பொய் சொல்லாது, தங்கச்சி."

"துடிப்பது உண்மைதான் அண்ணே. துடிக்க வைப்பது யார் என்று விலாவுக்குத் தெரியாதே. மேலே பாறை இடுக்கு வழியாகத்தான் இங்கே தண்ணீர் வருகிறது. நீ பெரிய உடம்புக்காரன், அதை அடைத்துக்கொண்டு சற்று நேரம் நில். அப்போதும் துடித்தால் நீயே தின்றுகொள்."

விரால் முணுமுணுத்துக்கொண்டே போய் இடுக்கில் குறுக்கே நின்றது. நீரோட்டம் அடங்கியது. ஓடு கொடியோடு துவண்டது. தன் விலாவில் எதுவும் தட்டாததை உணர்ந்த விராலுக்கு, அது குஞ்சே இல்லை என்று புரிந்தது.

கலங்கிய தண்ணீரில் நாரைக்கு மட்டும் கண் தெரியுமா என்ன? அது பார்த்துக்கொண்டிருந்தது கொடியை மட்டும்தான். கொடி ஆடினால் மீன் வரவில்லை. ஆட்டம் நின்றால் ஏதோ ஒரு மீன் ஓட்டைக் கவ்விவிட்டது. இந்தக் கணக்கு அதுவரை தப்பியதே இல்லை. கொடி நின்றதும் நாரை சடாரென்று கொத்தியது. அலகு ஓட்டைத் துளைத்து வசமாக மாட்டிக்கொண்டது.

நாரை இழுத்தது, உதறியது. கொடி விடவில்லை. விரால் இடுக்கை விட்டு விலகியதும் வெள்ளம் மறுபடி பாய்ந்தது. ஓடு துடித்தது, கூடவே நாரையின் தலையும் இடமும் வலமுமாகத் துடித்தது. கடைசியில் கொடி அறுந்தது. அலகில் ஓட்டைச் சுமந்தபடி பறந்து போன நாரை அந்த ஓடைப் பக்கமே வரவில்லை.

நீதி: ஒன்று துடிப்பதையோ அடங்குவதையோ மட்டும் பார்த்துப் பாயாதே, அதற்குக் காரணம் என்ன என்று பார்.