சுனைப்பாசி சிவந்த கதை

அந்தக் காலத்தில், புல்லும் பூச்சியும்கூட வாய் திறந்து பேசியபோது, ஒரு மலைப்பாறைச் சுனையில் பச்சைப்பாசி ஒன்று இருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னது. இரண்டு வால்களை ஆட்டி நீந்தும். வெயிலைத் தின்று வயிற்றை நிரப்பும். அது செடியா பிராணியா என்று யாரும் கேட்டதில்லை. தண்ணீர் இருக்கும்வரை யாருக்கு அந்தக் கவலை?

ஒரு கோடையில் சுனை வற்றத் தொடங்கியது. உடனே எல்லோரும் இனம் இனமாகப் பிரிந்தார்கள். செடிகளைக் கரையோரக் கோரைப்புல் தன் வேரடி ஈரத்தில் சேர்த்துக்கொண்டது. பிராணிகளைத் தவளை தன் சேற்று வளைக்குள் அழைத்துக்கொண்டது.

பாசி முதலில் கோரையிடம் போனது. "அக்கா, நானும் பச்சைதானே. கொஞ்சம் இடம் குடுங்க."

"பச்சைதான். ஆனா நீந்துறியே. செடின்னா நின்ன இடத்துல நிக்கணும்ல? தவளைகிட்ட போ."

தவளையிடம் போனது. "மாமா, நான் நீந்துறேன், பாருங்க."

"நீந்துறது சரி. என்ன சாப்பிட்ட?"

"வெயில்."

"வெயிலைத் தின்னுறவன் எங்க கூட்டத்துல எவனும் இல்லப்பா." வாயில் இருந்த கொசுவை விழுங்கிவிட்டுத்தான் தவளை இந்த நியாயத்தைப் பேசியது.

பாவம், பாசி என்ன செய்யும்? மறுபடி கோரையின் காலடிக்கு வந்து தன் இரண்டு வால்களையும் உதறிப் போட்டது.

"இப்ப நிக்கிறேன் அக்கா. இனி எங்கேயும் போகமாட்டேன்."

கோரை குனிந்து பார்த்தது. "நிக்கிற. வேர் எங்கே?"

பாசிக்கு வேர் இல்லை. வேறெங்காவது போக வாலும் இல்லை. தண்ணீர் முழுவதும் வற்றியபோது அது தன்னைச் சுருட்டிக்கொண்டு, தோலைத் தடிப்பாக்கி, தின்ற வெயிலையெல்லாம் உள்ளே பொத்தி வைத்தது. அந்த வெயில் கனன்று உடம்பே சிவந்துபோனது. பார்த்தவர்களுக்குப் பாறையில் ஒரு இரத்தக்கறைதான் தெரிந்தது.

கோரைக்கு மனசு தாங்கவில்லை. "நிக்கணும்னு நான்தான் சொன்னேன். நின்னே செத்துப் போச்சே" என்று அழுதது.

பிறகு மழை வந்து சுனை நிறைந்தது. கறை கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையானது. வால் முளைத்தது. பாசி நீந்தியது.

"எங்க கூட்டத்துக்கே வந்துடு" என்றது கோரை. சேற்றிலிருந்து வெளியே வந்த தவளையும் அதையே சொன்னது.

"இருக்கட்டும் அக்கா. தண்ணி இருந்தா நீந்துவேன், இல்லாட்டி நிப்பேன். நான் யாருன்னு தெரியணும்னா ரெண்டையும் பாருங்க." பாசி அதைக் கோபமில்லாமல்தான் சொன்னது.

அன்று முதல்தான் கோடையில் வற்றிய பாறைக்குழிகள் சிவந்து கிடக்கின்றன, மழை பெய்ததும் பச்சையாகின்றன. அது என்ன இனம் என்று பார்க்க வருகிறவர்களும் காய்ந்த கறையைக் கண்டதுமே பெயர் சொல்லிவிடுவதில்லை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது நீந்தும்வரை காத்திருக்கிறார்கள்.