வரித் தள்ளுபடியும் பின்வாசலும்

கரிசல் காட்டில் ஒரு மேடு இருந்தது. அதைச் சுற்றிச் சோளக்கொல்லை. மேட்டுக்குள் வெள்ளெலிகள் வளை தோண்டிக் குடியிருந்தன.

ஒவ்வொரு வளைக்கும் இரண்டு வாசல். முன்வாசல் எல்லாருக்கும் தெரியும். பின்வாசலைக் கடைசி வரைக்கும் தோண்டாமல், மேலே ஒரு விரல் கனத்துக்கு மண்ணை அப்படியே விட்டு வைப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் வெறும் தரைதான். முன்பக்கம் ஆபத்து வந்தால், அந்த மண்ணைத் தலையால் முட்டி உடைத்துக்கொண்டு ஓடிவிடலாம். அந்த இடத்தை உறவுக்காரர்களிடம்கூடச் சொல்வது வழக்கமில்லை. வீட்டுக்கு மருமகள் வந்தால், தானியக் குழியைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவார்கள்.

ஒரு நாள் அங்கே ஒரு நரி வந்தது.

"இந்த மேடு யாருது?"

"எங்களுதுதான் சாமி! நாங்கதானே தோண்டினோம்!" என்றாள் அன்னக்கிளி. அந்த மேட்டிலேயே அவள்தான் வாயாடி.

"தோண்டினது பொந்து. பொந்து உங்களுது. பொந்தைச் சுத்தி இருக்கிற மண்ணு யாருது?"

வெள்ளெலிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இதை யாரும் யோசித்ததே இல்லை.

"யாருதுன்னு தெரியலைன்னா என்னுது" என்றது நரி. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்கு ஒரு சோளக்கதிர் வரி!"

வரி கட்டினார்கள். நரி சோளம் தின்னாதே, வாங்கி என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கதிரெல்லாம் நரியின் குகை வாசலில் மக்கிக் கிடந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கதிர் பிடிக்கவில்லை. நரி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு வந்தது.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? இனிமே வரி தள்ளுபடி! வீட்டு விவரம் மட்டும் சொன்னாப் போதும். எத்தனை பேரு, எப்போ தூங்குவீங்க, பின்வாசல் எங்கே, அவ்வளவுதான்!"

"அது எதுக்கு சாமி?"

"எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்! வெள்ளம் வந்தா எந்தப் பக்கம் தோண்டி உங்களைத் தூக்குறது?"

மழையே இல்லாத இடத்தில் வெள்ளம் எங்கிருந்து வரும் என்றும் யாரும் கேட்கவில்லை.

அன்னக்கிளி முதல் ஆளாகப் போய்க் காட்டினாள். நரி அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கல்லை நட்டது. "எங்க வீட்டுக்குக் கல்லு நட்டாச்சு!" என்று அவள் மேடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்டு மற்றவர்களும் வரிசையில் நின்று கல் நட்டுக்கொண்டார்கள்.

அன்னக்கிளியின் ஓரகத்தி பேச்சி மட்டும் போகவில்லை. அவள் கூச்சக்காரி. புருஷனைப் போன மாசம்தான் பருந்து தூக்கிப் போயிருந்தது. வீட்டில் நாலு குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. அவள் கடைசியாக இருந்த கதிரை இழுத்துக்கொண்டு நரியிடம் போனாள்.

"எனக்குத் தள்ளுபடி வேணாம் சாமி. வரியே கட்டிடுறேன்."

நரி கதிரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் காட்டியாச்சு. உன் வீட்டுக்கு மட்டும்தான் கல்லு இல்ல. அப்படி என்னத்தை ஒளிச்சு வச்சிருக்க?"

"ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சாமி. புள்ளைங்கதான் இருக்கு."

"நாளைக்கு வருவேன். காட்டணும். இல்லேன்னா மேட்டைக் காலி பண்ணு!"

கண் திறக்காத குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் எங்கே போவது? பேச்சி அழுதுகொண்டே திரும்பினாள்.

"வரி வேணாங்குறவங்களப் பாத்திருக்கேன். தள்ளுபடி வேணாங்குறவள இப்பத்தான் பாக்குறேன்!" என்றாள் அன்னக்கிளி. "உன் வீட்ல என்னடி, புதையலா இருக்கு?"

"நம்ம வாசல் நமக்குத் தெரிஞ்சாப் போதாதாக்கா?"

"கூறு கெட்டவளே!"

அதே நேரத்தில் நரி ஒரு சாரைப்பாம்போடு பேசிக்கொண்டிருந்தது.

"பகல்ல எல்லாம் தூங்கும் மச்சான். நீ முன்வாசல்ல நுழை. உள்ள இருக்கிறது உனக்கு. பின்வாசல்ல வெளிய வர்றது எனக்கு!"

"நியாயமான பேச்சு மாப்ளே!" என்றது பாம்பு.

முதலில் அன்னக்கிளி வீட்டுக்குத்தான் இரண்டும் போயின. நல்லவேளை, அவள் பிள்ளைகள் வளர்ந்து தனி வளைக்குப் போயிருந்தார்கள். பாம்பின் சத்தம் கேட்டதும் அவள் பின்வாசலை முட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் நரி வாயைத் திறந்து வைத்திருந்தது. கடித்ததில் வால் மட்டும் அறுந்துபோனது. வாலில்லாமல் பேச்சி வீட்டில் வந்து விழுந்தாள்.

"கல்லுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கான்டி!"

செய்தி பரவி எல்லாரும் கூடிவிட்டார்கள். "மேட்டை விட்டே ஓடிரலாம்!" என்று கத்தினார்கள்.

"ஓடினா என் புள்ளைங்க செத்துரும்" என்றாள் பேச்சி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவனுக்குப் பழைய வாசல்தானே தெரியும்? புதுசா ஒண்ணு தோண்டிக்கிட்டா?"

 உடனே எல்லாரும் அவரவர் வளையில் புது வாசல் தோண்டப் போனார்கள். கல்லை மட்டும் யாரும் தொடவில்லை.

மறுநாள் நரி வந்தது. பேச்சி மறுபேச்சில்லாமல் காட்டினாள். "இதுதான் சாமி எங்க பின்வாசல்."

அது பொய் இல்லை. அந்த வாசலும் அங்கேதான் இருந்தது.

நரி கல்லை நட்ட கையோடு பாம்புக்குக் கண்ணைக் காட்டியது. பாம்பு இவ்வளவு சீக்கிரம் வரும் என்று பேச்சி நினைக்கவில்லை. உள்ளே ஓடி, ஒவ்வொரு குட்டியாகக் கவ்விப் புதுவழியாக யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்து, அன்னக்கிளி வளையில் கொண்டுபோய்ப் போட்டாள். கடைசிக் குட்டியைக் கவ்வும்போது பாம்பின் தலை உள்ளே தெரிந்தது. குட்டியோடு புதுவழியில் பாய்ந்து, பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி வழியை அடைத்தாள். மண்ணுக்கு அந்தப் பக்கம் பாம்பு முட்டியது. அவள் இன்னும் தள்ளினாள்.

பாம்புக்குத் திரும்ப இடமில்லை. திறந்திருந்தது பழைய வழி ஒன்றுதான். அதில் போய் மேல் மண்ணை முட்டிக்கொண்டு தலையை வெளியே நீட்டியது.

வெளியே வந்ததை நரி கடித்தது. ஒப்பந்தம் அப்படித்தானே!

"விடு மாப்ளே! நான்தான்!"

நரிக்கு வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. பாம்பு நரியின் கழுத்தைச் சுற்றியது. இரண்டும் மேட்டிலிருந்து உருண்டு சோளத்தட்டைக்குள் போயின. யார் யாரை முதலில் விட்டது என்று தெரியாது. இரண்டும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மண் யாருடையது என்று கேட்க ஆளில்லை.

அன்னக்கிளி குட்டிகளைக் கொஞ்சிக்கொண்டே மெல்லக் கேட்டாள்: "ஏன் புள்ள, உன் புது வாசல் வெளிய எங்கதான் வருது?"

"இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கக்கா" என்றாள் பேச்சி.

நிலத்துக்கு வரி கொடுத்தால் ஒரு கதிர்தான் போகும். நம் வீட்டு விவரத்தைக் கொடுத்துவிட்டால் நாமே போய்விடுவோம்.