பின்னால் வரும் வெள்ளைக் கார்

எங்கள் மடத்துக்குக் கேள்வியோடு வருகிறவர்கள் பஸ்ஸில் வருவார்கள், மொபெட்டில் வருவார்கள், சிறுமுகையிலிருந்து நடந்தே வருகிறவர்களும் உண்டு. நாச்சிமுத்து மட்டும் இரண்டு காரில் வருவார்.

முன்னால் வருவது கறுப்பு நிறத்தில் ஒரு வெளிநாட்டுக் கார். அதை அவரே ஓட்டுவார், கூட யாரும் இருக்க மாட்டார்கள். ஐம்பதடி விட்டு ஒரு பழைய வெள்ளைக் கார் வரும். அதை டிரைவர் மாகாளி ஓட்டுவார், பின் சீட்டில் நாச்சிமுத்துவின் மனைவி சுலோச்சனா இருப்பார். கறுப்புக் கார் வழியில் நின்றுவிட்டால் ஏறிக்கொள்ளத்தான் வெள்ளைக் கார்.

அது நிற்கும். அப்படி ஒரு நிற்பு நிற்கும். ஒரு பௌர்ணமி அன்று மடத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. காய்கறி வண்டி உள்ளே வர முடியாமல், இருநூறு பேருக்கான பூசணிக்காயை நானே தோளில் சுமந்து வந்தேன். மடத்தில் சமையல் என் பொறுப்பு. அதனால் அந்தக் கார் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாச்சிமுத்து கோவையில் தண்ணீர் மோட்டார் பட்டறை வைத்து வளர்ந்தவர். அறுபது தாண்டியதும் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, இனி நாமிருவரும் ஊர் ஊராகப் போய் வரலாம் என்று மனைவியிடம் சொல்லி வாங்கிய கார் அது. இப்போது ஊர் ஊராகத்தான் போகிறார்கள். அவர் முன்னால், அந்தம்மா பின்னால்.

எங்கள் குரு அரசாயி அம்மாவுக்கு அவரை விடப் பத்து வயது குறைவு. நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு மடத்துக்கு வந்தவர். பேச்சு குறைவு. நாச்சிமுத்து வந்து உட்கார்ந்தால் அவரே பேசிக்கொண்டிருப்பார், அம்மா கேட்டுக்கொண்டிருப்பார்.

பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் காரில்தான் வந்து முடியும். ஒரு நாள் கார் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஒரு நாள் மழையில் கண்ணாடி மேலே ஏறவில்லை. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எல்லா விளக்கும் எரிந்து, போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒர்க் ஷாப்பிலிருந்து ஆள் வந்து பார்த்தால், முன்பக்கக் கம்பெனி முத்திரை மேல் இவர் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கும் கருவி அதற்குப் பின்னால்தான் இருக்கிறதாம். அந்த ஆள் ஒரு துணியை நனைத்துத் துடைத்துவிட்டார், வண்டி கிளம்பிவிட்டது.

"பாவங்கம்மா. அதோட கண்ணே அங்கதான் இருக்குதாமா. நாமதான் சந்தனத்தை வெச்சு மூடிட்டோம்" என்றார். பேரப்பிள்ளை காய்ச்சலைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார்.

அன்றுதான் அந்தக் கேள்வியையும் கேட்டார். மகன் வண்டியை விற்றுவிடச் சொல்கிறான். இவருக்கு மனசு வரவில்லை. ஆனால் சுலோச்சனா அதில் ஏறுவதே இல்லை. ஒரு வருஷமாகிறது. வழியில் நின்றுவிடும் என்று பயம். கூட உட்கார ஆள் இல்லாத வண்டி எதற்கு என்றும் தோன்றுகிறது. "விக்கட்டுங்களா, வெச்சுக்கட்டுங்களா, நீங்க சொன்னாச் சரிங்கம்மா" என்றார்.

ஆசையை விடு என்று அம்மா சொல்வார் என்று நான் காத்திருந்தேன். பூசணிக்காய் சுமந்த தோளுக்கு அது இதமாக இருந்திருக்கும்.

அம்மா, வியாழக்கிழமை கோபிக்குப் போக வேண்டியிருக்கிறது, அங்கே நம் பழைய சீடர் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், உங்கள் வண்டியில் கூட்டிப் போகிறீர்களா என்று கேட்டார். நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை காலை இரண்டு கார்களும் வந்தன. அம்மா கறுப்புக் காரில் ஏறினார். நான் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வெள்ளைக் காரில் மாகாளி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சத்தியமங்கலத்தில் இளநீர் குடிக்க இறங்கினோம். அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "முதுகைப் பிடிச்சு விடுதுப்பா சீட்டு" என்று என்னிடம் சொன்னார். "சத்தமே இல்லை. ரோடு இருக்கறதே தெரியலை. நல்ல வண்டி." நாச்சிமுத்து பக்கத்தில் நின்று, தானே செய்த காரைப் போலச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

கார் அன்று எங்கேயும் நிற்கவில்லை. கோபி போய்ச் சேர்ந்தோம். அம்மா அந்தச் சீடருக்கு ரசஞ்சோறு ஊட்டினார், கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்தபடி இருந்தார். அவர் நன்றாகத் தூங்கிய பிறகு கிளம்பினோம்.

திரும்பும்போது நாச்சிமுத்து கறுப்புக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா, போகும்போது உங்களோடு வந்தேன், இப்போது அவர்களோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளைக் காரில் சுலோச்சனா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் தனியே கிளம்பினார்.

கார் கோபியைத் தாண்டியது. பிறகு அம்மா, அந்த வண்டி நின்றுவிடும் என்று உங்களுக்குப் பயமா என்று கேட்டார்.

சுலோச்சனா சிரித்தார். பயமெல்லாம் இல்லை என்றார். பட்டறை ஆரம்பித்த காலத்தில் அவர் ஓட்டிய ஸ்கூட்டர் நிற்காத இடமே இல்லையாம். பாதித் தூரம் சுலோச்சனா தள்ளித்தான் வீடு வந்து சேருவார்களாம். வண்டி நிற்பதெல்லாம் பழகிப்போனதுதான்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். கறுப்புக் கார் வாங்கிய புதிதில் ஈரோட்டில் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். இருவரும் அதில்தான் போனார்கள். பெருந்துறை ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. போகிற வருகிறவர்கள் வேறு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவர் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார்.

"நீ ஏறுனாலே இது நிக்குது, உன்ற ராசி அப்படின்னாருங்கம்மா."

மாகாளி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அன்று அவர்களை ஏற்றிப்போக வந்த அவரும் அதைக் கேட்டிருக்கிறார் என்பது அவர் கழுத்து விறைத்ததிலேயே தெரிந்தது.

கோபத்தில் சொன்னதுதான், அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்றார் சுலோச்சனா. மூன்று நாள் கழித்து ஒர்க் ஷாப்பிலிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு ஒயர் உரசிப் போயிருந்ததாம். அவர் வீடு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். ஒயர்தான், வண்டி நல்ல வண்டி, ஒயர்தான் என்று மகனிடம் சொன்னார், மருமகளிடம் சொன்னார், பால்காரரிடம்கூடச் சொன்னார்.

"என்கிட்ட வந்து, உன்ற ராசி இல்லை, ஒயர்தான்னு சொல்லுவாருன்னு பார்த்தனுங்க. சொல்லவே இல்லை. வண்டி மேல இருந்த பழி போயிருச்சு. என் மேல அப்படியே நிக்குது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணமான வருஷம் பட்டறையில முதல் மோட்டாருக்கு என்னைத்தான் சுவிட்ச் போடச் சொன்னாருங்க. ராசியான கைன்னு. அதே வாய்தானுங்களே இதையும் சொல்லுச்சு."

இதை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டுவிட்டேன். சமையல்காரன் கேட்கிற கேள்வியா என்று நினைத்திருப்பார். ஆனாலும் பதில் சொன்னார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார்.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கறுப்புக் கார் முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. போகவர நூற்று முப்பது கிலோமீட்டர், ஒரு முனகல் இல்லை. நாச்சிமுத்து அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சுலோச்சனா வெள்ளைக் காரிலேயே இருந்தார். நான் பின்பக்கத்தைத் திறந்து பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தேன்.

நாச்சிமுத்து அம்மாவின் முன்னால் வந்து கைகட்டி நின்றார். இப்போது சொல்லுங்கள், விற்பதா வைத்துக்கொள்வதா என்றார்.

"வழியில வண்டி நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று அம்மா கேட்டார்.

"ஒர்க் ஷாப்புல இருந்து ஆளை வரச்சொல்லுவனுங்க. என்ன கோளாறுன்னு கேப்பனுங்க."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தானுங்க. கேக்காம எப்படிங்கம்மா தெரியும்?"

"உங்க வீட்டம்மா ஒரே தடவைதான் நின்னாங்க. கேட்டீங்களா?"

நாச்சிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. அவளுக்குப் பயம்தானே என்று ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். வெள்ளைக் காரைத் திரும்பிப் பார்த்தார். பெருந்துறை ரோடு என்று அவர் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

பட்டறையில் நூறு பேரை வைத்து வேலை வாங்கிய மனிதர், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு வெள்ளைக் காரை நோக்கி நடந்தார். நான் நகர்ந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. பாத்திரம் இன்னும் நாலு பாக்கி இருந்தது.

அவர் கதவைத் திறந்து குனிந்தார்.

"சுலோ. அது ஒயர்தான். உன்ற ராசி இல்லை. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கோணும். தப்புப் பண்ணிட்டேன்."

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது, ஆனால் உதட்டோரம் சிரிப்பும் இருந்தது. ஒரு ஒயரைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு வருஷமா என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். முன்னால் வந்து உட்கார், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

சுலோச்சனா கறுப்புக் காரைப் பார்த்தார். "நான் ஏறி மறுபடியும் நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும்."

அவர் இறங்கினார். சேலையைச் சரிசெய்துகொண்டு, மூட்டு வலியோடு மெதுவாக நடந்து போய்க் கறுப்புக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்தார். நாச்சிமுத்து கதவைச் சாத்திவிட்டு, சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறினார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. போகட்டும், நல்ல வண்டிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பொத்தானை அழுத்தினார். உள்ளே எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்தது. என்னவோ இரண்டு தடவை கீச்சிட்டது. பிறகு எல்லாம் அணைந்துவிட்டது.

மறுபடியும் அழுத்தினார். ஒன்றுமே இல்லை.

காலையிலிருந்து ஓடிய வண்டி. அந்தம்மா ஏறி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த எழவு வண்டிக்கு இந்த நேரம்தான் கிடைத்ததா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாகாளி தலையைக் குனிந்துகொண்டார். முன் கண்ணாடி வழியாகச் சுலோச்சனாவின் முகம் தெரிந்தது. ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தது. அவர் கை கதவுப் பிடிக்குப் போனது.

நாச்சிமுத்து அந்தக் கையைப் பார்த்தார். எரியாத விளக்குகளைப் பார்க்கவில்லை. பொத்தானை விட்டுவிட்டு இறங்கி வந்தார். அந்தப் பக்கக் கதவை நன்றாக அகலத் திறந்தார்.

"உள்ள புழுக்கமா இருக்கும். காத்து வரட்டும். நீ எறங்காதே, உக்காரு" என்றார்.

சுலோச்சனா அவர் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து திறந்த கதவில் சாய்ந்து நின்றார். இருவரும் என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், அந்தம்மா சிரித்தார். அந்தப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் அவருக்கு எங்கள் நினைவு வந்தது. அம்மா நின்ற பக்கம் திரும்பினார்.

"அம்மா, வண்டி கிளம்பலைங்களே."

"அவங்க ஏறிட்டாங்கல்லங்க" என்றார் அம்மா. "அப்புறம் என்ன அவசரம்?"