மணி அடிக்காத ஆள்

கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு கண்மாய். தண்ணீர் வற்றினால் ஆளுயரத்துக்குப் புல் வளரும். அந்தப் புல்லின் விதையைத் தின்ன வரும் குருவிக்குப் பெயர் புள்ளிச் சில்லை. கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். நெஞ்சில் மீன்செதில் மாதிரிப் புள்ளி, விதை உடைக்கத் தடித்த அலகு.

அதைப் பிடித்து, அளந்து, காலில் வளையம் மாட்டித் திரும்பப் பறக்க விடுவது பேச்சித்தாயின் வேலை. பெரிய ஆராய்ச்சிக்காரி. ஆள் குள்ளம், பேச்சும் கம்மி.

அவளிடம் சீடனாக வந்தவர் குருசுமுத்து. ஆறடி ஆள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். துறைமுகத்தில் பார்த்த நல்ல வேலையை உதறிவிட்டுக் குருவி படிக்க வந்தவர். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யார் குரு என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

அந்த வருஷம் கண்மாயை முழுசாக அவர் பொறுப்பில் விட்டிருந்தாள்.

குருசுமுத்து தண்ணீர்க் குட்டை ஓரம் இரண்டு மூங்கில் நட்டு வலை கட்டினார். மயிரிழை வலை, இருப்பதே தெரியாது. முதல் நாள் குருவி போட்டு வைக்கத் துணிப்பை போதவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மூங்கிலுக்கு அடியில் சிமென்ட் போட்டுவிட்டார். இடம் மாறினால் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட முடியாது என்று படித்திருந்தார். அதனால் வாரா வாரம் அதே குட்டை, அதே வலை. ஒரு சாண்கூட நகர்த்தவில்லை.

குருவி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு தட்டான் விழுந்தது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஊரில் கூட்டம். கண்மாயில் குருவி இருக்கிறதா, இல்லையா என்று அவர்தான் போய்ச் சொல்லவேண்டும். இருக்கிறது என்றால் புல் தப்பும். இல்லை என்றால் புல்லைச் சிரைத்துவிட்டுச் சூரியத் தகடு நட்டுவிடுவார்கள்.

"மேடம், குருவி போச்சு," என்றார்.

"எங்க போச்சு?"

"செத்துருக்கும். இல்லன்னா ஊர விட்டே போயிருக்கும்."

"யாரு சொன்னா?"

"வலை சொல்லுது மேடம். அந்தப் புல்லுக்குள்ள கண்ணுக்கா தெரியும்? வலைய நம்பாம யார நம்ப?"

இரண்டு பேரும் தங்கியிருந்த வீட்டில் முறைவைத்துச் சமையல். அந்த வாரம் பேச்சித்தாயின் முறை. உள்ளே போய் வெங்காயம் உரித்தாள்.

மறுநாள் மத்தியானம் குருசுமுத்து பசியோடு அடுப்படிக்குள் நுழைந்தார். நெற்றியில் என்னவோ பட்டென்று அடித்தது. கணகணவென்று மணிச் சத்தம். பார்த்தால், வாசலுக்குக் குறுக்கே கயிறு. கயிற்றில் ஓர் ஆட்டுமணி.

"என்ன மேடம் இது?"

"ஆள் வந்தா தெரியணும்லா. மணி அடிச்சா உலை வைப்பேன்."

"நாம இருக்கதே ரெண்டு பேரு."

"கணக்குன்னா கணக்கு அண்ணாச்சி."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சாப்பிட்டார். பெரிய படிப்புப் படித்தால் இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் தலையைக் குனிந்து லாகவமாக உள்ளே வந்து உட்கார்ந்தார். பேச்சித்தாய் தனக்கு மட்டும் தட்டு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சட்டியில் ஒரு பருக்கை இல்லை.

"எனக்குச் சோறு?"

"மணி அடிக்கலியே அண்ணாச்சி."

"குனிஞ்சுல்லா வந்தேன். நேத்து வாங்குனது பத்தாதா, இன்னைக்கும் மண்டைய இடிக்கவா?"

"ஆள் இல்லன்னு நெனச்சேன்."

"உங்க முன்னாலதான மேடம் இருக்கேன்!"

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "மணி அப்படிச் சொல்லலியே."

குருசுமுத்துக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கயிற்றைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். நெற்றிப் புடைப்பைத் தடவினார்.

அப்புறம் பசியோடேயே மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனார். பொழுது சாயும்வரை குட்டை ஓரத்தில் சிமென்ட் உடையும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை விடிந்தபோது வலை குட்டை ஓரத்தில் இல்லை. கண்மாயின் மறுகரையில், உடைமரங்களுக்குப் பக்கத்தில் நின்றது.

புல் சலசலத்தது. வந்தது பார் ஒரு கூட்டம். வலை வயிறு வைத்துத் தொங்கியது. குருசுமுத்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றும் கடித்தது. விரலெல்லாம் ரத்தம், ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை. சிலதுக்கு அடைகாத்து அடைகாத்து வயிற்று இறகு உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. இன்னும் புள்ளி விழாத தவிட்டு நிறக் குஞ்சுகள் வேறு, ஏகப்பட்டது.

ஒன்றின் காலில் நீல வளையம். முதல் நாள் அவரே மாட்டியது. அலகு நுனி உடைந்த அதே பயல்.

"ஏலே, நீ இங்கதான் இருந்தியா?"

அது பதிலுக்குக் கடித்தது.

பை தீர்ந்துபோய் வலையைச் சுருட்டிக் கட்டினார். அப்போதும் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. எல்லாவற்றையும் அளந்து, வளையம் மாட்டி, வானத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். கடைசிக் குருவி போனதும் திருவிழாவில் சப்பரம் தூக்கியவன் மாதிரி ஓடினார். கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். நாளைக்குக் கூட்டத்தில் சொல்லப்போவதை வழியெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். ஆடு மேய்த்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

அடுப்படியில் குனியவேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. ஆனால் வெளிவாசல் கேட்டுக்குள் நுழையும்போதே நெற்றியில் பட்டென்று அடித்தது. கணகணவென்று மணி.

கயிறு கேட்டுக்கு வந்திருந்தது.

குருசுமுத்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, மூச்சு வாங்கச் சிரித்தார்.

உள்ளே பாத்திரம் நகரும் சத்தம். பேச்சித்தாய் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி இருக்காருபோல. உலையில இன்னும் ரெண்டு கை அரிசி போடணும்."