'நா' என்று சொன்ன வாத்து

பகலிலும் பனிமூட்டம் கலையாத ஒரு காட்டில், குழந்தைகளே, ஓர் ஏரி இருந்தது. அதன் அக்கரையை யாரும் கண்டதில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றும் தெரியாது. அல்லி இலைகள் மேகத்தில் மிதப்பதுபோல் மெல்ல அசைந்துகொண்டிருக்கும்.

அந்த ஏரியைத் தேடி மூன்று பேர் நடந்து வந்தார்கள். அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. தெற்குக் காட்டுச் சுனைகள் வற்றியதும் மருதி என்ற சருகுமான் புறப்பட்டாள். சருகுமான் என்பது முயலைவிடச் சற்றே பெரிய, கொம்பில்லாத குட்டி மான். எதையும் நின்று பார்த்து, காதைத் திருப்பிக் கேட்ட பிறகுதான் மருதி அடுத்த அடி எடுத்து வைப்பாள்.

அவளோடு அதே காட்டைச் சேர்ந்த மைனா சொல்லழகியும் வந்தாள். உலகத்தில் தனக்குத் தெரியாத மொழியே இல்லை என்பது அவள் நினைப்பு.

வழியில் சேர்ந்துகொண்டவர் கிழக்குக் காட்டு எருமை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கோபம். அவரைப் பெத்தண்ணா என்று அழைப்பார்கள். அவருடைய கூட்டம் கன்றுகளோடு பின்னால் வந்துகொண்டிருந்தது. தண்ணீரைக் கண்டதும் அவர் குரல் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சேர்ந்து நடந்து நடந்து, மூவருக்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியத் தொடங்கியிருந்தது.

மூட்டத்துக்குள் தண்ணீர் வாசனை வந்தது. கால்களுக்குக் கீழே மண் குளிர்ந்தது. கனவில் கதவு திறப்பதுபோல் பனி சற்று விலக, வழவழப்பான மணற்கரை ஒன்று தெரிந்தது.

கரையில் ஒரு வாத்து நின்றது. வெளிர்சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில் இரண்டு கரிய வரிகள். பனிமலைகளுக்கு அப்பாலிருந்து வந்த பறவை அது. இவர்களைக் கண்டதும் இரண்டு சிறகுகளையும் விரித்துக்கொண்டு வழியை மறித்தது.

"நா!" என்றது. "நா! நா!"

பெத்தண்ணாவின் மூக்குத் துவாரங்கள் விரிந்தன.

"கேட்டீர்களா இந்தத் திமிரை? எங்கள் மொழியில் 'நா' என்றால் 'என்னுடையது'. என் குளம்பளவுகூட இல்லாத பறவை, இத்தனை பெரிய ஏரியை 'என்னுடையது, என்னுடையது' என்கிறதே!"

சொல்லழகி சிரித்தாள். "அவசரப்படாதீர்கள் அண்ணா. எங்கள் மொழியில் 'நா' என்றால் நாக்கு. பாவம், நாக்கு வறண்டுபோய்விட்டது என்கிறது."

"தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டா?"

"வெளியூர்ப் பறவைக்கு விவரம் போதாது. எங்கள் சொல்லை எங்கோ கேட்டுத் திருடிக்கொண்டு வந்து அரைகுறையாகச் சொல்கிறது."

"உங்கள் சொல்லா? அது எங்கள் சொல்! நீங்கள்தான் எங்களிடம் திருடியிருப்பீர்கள்!"

இருவரும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். மருதி அதில் சேரவில்லை. அவளுக்கு அந்தச் சொல்லைவிடக் குரல்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. சொந்தம் கொண்டாடுகிறவரின் குரல் இப்படி நடுங்குமா? தாகத்தில் இருக்கிறவருக்கு இவ்வளவு சத்தம் வருமா?

வாத்தின் கண்களைப் பார்த்தாள். அது இவர்களைப் பார்த்துப் பயப்படவில்லை. அடிக்கடி கழுத்தைத் திருப்பி, அசைவில்லாத தண்ணீரைத்தான் பார்த்தது.

மருதி இடதுபுறம் இருந்த பாறைகளை நோக்கி மெல்ல நடந்தாள். அங்கே தண்ணீர் தெளிவாக, கூழாங்கல் தெரியும்படி கிடந்தது. வாத்து சிறகை மடக்கிக்கொண்டது. ஒரு சத்தமும் இல்லை. மறுபடி மணற்கரைக்குத் திரும்பினாள்.

"நா!" என்று அலறியது வாத்து.

'ஏரி அதனுடையது என்றால் பாறைப் பக்கம் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறது?' என்று யோசித்தாள் மருதி.

"அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். இந்த மணலில் ஏதோ—"

"பொறுப்பதா? கன்றுகள் நடக்க முடியாமல் தள்ளாடி வருகின்றன. ஒரு வாத்தின் அனுமதிக்காக நான் காத்திருக்க வேண்டுமா?"

பெத்தண்ணா தலையைத் தாழ்த்திப் பாய்ந்தார். வாத்து விலகவில்லை. பறந்து தப்பியிருக்கலாம், ஆனாலும் அவர் மூக்கிலேயே கொத்தியது. அவர் கொம்பால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது சிறகு மடங்கி மணலில் விழுந்தது. அப்படி விழுந்தும், "நா..." என்றது.

தண்ணீருக்கு இன்னும் சில அடிதான். மருதி சுற்றிலும் பார்த்தாள். மேட்டில் ஒரு விளாமரம், அதன் அடியில் உதிர்ந்த பழங்கள். ஓடிப்போய் ஒரு பழத்தை நெற்றியால் முட்டிவிட்டாள். அது சரிவில் உருண்டு, பெத்தண்ணாவின் கால்களுக்கு நடுவே புகுந்து, ஏரியில் 'தொபுக்' என்று விழுந்தது.

ஒரு வளையம் விரிந்தது. இன்னொரு வளையம். எல்லாம் தூக்கத்தில் நடப்பதுபோல் அமைதியாக இருந்தது.

திடீரென்று தண்ணீர் பிளந்தது. மரக்கட்டை நீளத்துக்கு ஒரு வாய் எழுந்து, விளாம்பழத்தைக் கவ்வியது. ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. முதலை அப்படியே உள்ளே அமிழ்ந்தது. விலகிய அல்லி இலைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்தன.

தூக்கிய காலைக் கீழே வைக்கப் பெத்தண்ணாவுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அண்ணா," என்றாள் மருதி, "அது 'என்னுடையது' என்று சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றுதான் சொல்லியிருக்கிறது."

பெத்தண்ணா வாத்தின் அருகே போய் முன்னங்கால்களை மடித்து மணலில் அமர்ந்தார். அது அவர் முதுகில் ஏறிக்கொள்ளும்வரை எழுந்திருக்கவே இல்லை. பிறகு கூட்டத்துக்குக் குரல் கொடுத்து, பாறைப் பக்கமாக வரச் சொன்னார். கன்றுகள் வயிறு முட்டக் குடித்தன.

மழை வரும்வரை எல்லோரும் அங்கேயே தங்கினார்கள். வாத்தின் சிறகு மெல்ல மெல்லத் தேறியது. பேச்சும் மெல்ல மெல்லப் புரிந்தது. தன் பெயர் யாங்கி என்றாள் அவள்.

ஒருநாள் சொல்லழகி கேட்டாள்: "யாங்கி, உண்மையைச் சொல். 'நா' என்ற சொல்லை உன் கூட்டத்தார் எங்களிடமிருந்துதானே எடுத்தார்கள்?"

யாங்கி வியப்போடு பார்த்தாள். "பனிப்பாறையின் விளிம்புக்குப் போகிற குஞ்சுகளிடம் எங்கள் தாய்மார் சொல்வது அது. நான் முட்டைக்குள் இருக்கும்போதே கேட்டிருக்கிறேன். தென்திசைக் காடு ஒன்று உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது."

"எங்களிடம் அது, கன்று தாய்மடியை முட்டிக்கொண்டு சொல்லும் முதல் சொல்," என்றார் பெத்தண்ணா.

சொல்லழகி யாங்கியின் அருகே தத்திப் போய், "விளிம்பில் நிற்கும் குஞ்சிடம் எப்படிச் சொல்வீர்கள்? இன்னொரு முறை சொல்லிக் காட்டேன்," என்று கேட்டாள். வாழ்க்கையில் அவள் ஒருவரிடம் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மழை வந்தது. பிறகு ஒரு வெளுத்த காலையில் யாங்கி வடக்கே கிளம்பினாள். ஏரிக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, பெத்தண்ணாவைப் பார்த்து, "மோ! மோ!" என்று உரக்கக் கூவிவிட்டு மூட்டத்தில் மறைந்தாள்.

கூட்டத்து எருமைகள் திடுக்கிட்டன. "பெத்தண்ணா! உங்களை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகிறாளே!"

பெத்தண்ணா மேலே பார்த்தபடி அசைபோட்டார்.

"நம் ஊரில் அது முட்டாள். அவள் ஊரில் என்னவோ! திரும்பி வரும்போது கேட்டுக்கொள்கிறேன்," என்று சிரித்தார்.

நீதி: ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும், சொன்னவர் கருத்தை அறியும் முன் சினம் கொள்ளாதே.