தாழ்ப்பாள் இல்லாத கதவு

"அம்மா, திறந்து விடணுமா, பூட்டி வைக்கணுமா? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிருங்க."

கேட்டவர் வக்கீல் மரகதவேல். பக்கத்தில் நின்றவர் சூசை. சிறையில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் தைலம்மை நடத்தும் குடில் அது. போதையை விட முடியாமல் தவிப்பவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். சிலர் விட்டுவிட்டுப் போவார்கள். பலர் திரும்பி வருவார்கள்.

மரகதவேலின் மகன் போன வருஷம் செத்துப்போனான். வீட்டில் இருக்க முடியாமல் அவர் இங்கே வந்து எடுபிடி வேலை செய்கிறார். சூசையின் ஒரே மகன் அமலன் இன்னும் உயிரோடு இருக்கிறான். அவன் போதை மாத்திரையைத் தொட்டு நாற்பது நாள் ஆகிறது. சூசை அந்த நாற்பது நாளும் அவனை விட்டு நகரவில்லை.

மறுநாள் சர்க்கார் குழு ஒன்று வரப்போகிறது. போதைப்பொருளைச் சட்டப்படி அனுமதிக்கலாமா கூடாதா என்று தைலம்மையிடமும் கேட்கப் போகிறார்கள்.

"கஞ்சியை இறக்கிட்டு வந்து சொல்லுதேன்" என்றார் தைலம்மை. "அமலன் குளிக்கப் போயிருக்கான். ரெண்டு பேரும் காதைக் குடுத்துக்கிட்டு இருங்க."

அந்தக் குடிலில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. தைலம்மையின் தம்பி தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் ஊசியோடு கிடந்து செத்தவன். குளிக்கப் போகிறவர் அவ்வப்போது செம்பால் வாளியில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே கல்லில் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். சத்தம் நின்றால், பத்து எண்ணுவதற்குள் கதவைத் தள்ள வேண்டும்.

வேறு உபதேசம் எதுவும் அங்கே கிடையாது.

இருவரும் கல்லில் உட்கார்ந்தார்கள்.

டங். டங். டங்.

"நாளைக்கு அம்மா திறந்து விடணும்னுதான் சொல்லுவாங்க" என்றார் மரகதவேல்.

"பேசாதீங்க வக்கீலய்யா. சத்தம் கேக்கணும்."

"கேக்கத்தான செய்யுது."

டங். டங்.

"எம் மவன் உப்பளத்துப் பாழடைஞ்ச குடோன்ல கெடந்தான், அண்ணாச்சி. கூட மூணு பேரு இருந்தானுவ. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா போலீசு பிடிக்கும்னு ஓடிட்டானுவ. சட்டத்துக்குப் பயந்துதான ஓடுனானுவ? அந்தப் பயம் இல்லன்னா எம் பிள்ள இருந்திருப்பான்."

சூசைக்கு அந்த மனிதர்மேல் இரக்கம்தான். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டங்.

"பூட்டுனா நிக்கும்னு சொல்லுதீங்களே. நீங்க வார்டனா இருந்த ஜெயிலுக்குள்ளயே அது வந்துச்சா, இல்லையா?"

சூசைக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ வேலை. திரும்பி உட்கார்ந்தார்.

"வந்துச்சுதான். நூறு வரவேண்டிய எடத்துல ஒண்ணு வந்துச்சு. மிச்சத்த எவன் தடுத்தான்? சாராயத்தத் திறந்து விட்டாவளே, எத்தன வீட்டுல அடுப்பு எரியுது? எம் மவனுக்கு மருந்துக் கடையில சீட்டு இல்லாம கேட்டதும் எடுத்துக் குடுத்தான். அன்னைக்கு எவனாவது மாட்டேன்னு சொல்லியிருந்தா அவன் இப்ப கப்பல்ல வேலையில இருப்பான்!"

"அதேதான் நானும் சொல்லுதேன். ஒளிச்சு விக்கிறதாலதான் கேள்வி கேக்க ஆளு இல்ல!"

"வெளிச்சத்துல வித்தா மட்டும் கேப்பானோ?"

"கேக்க வைக்கலாம், அண்ணாச்சி!"

"ஒம்ம கோர்ட்டா கேக்க வைக்கும்?"

இருவரும் நல்லவர்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. குரல் ஏற ஏற நியாயமும் ஏறிக்கொண்டே போனது.

தைலம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நின்றார்.

"எப்ப நின்னுச்சு?"

"எது?" என்றார் மரகதவேல்.

தைலம்மை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"அண்ணாச்சி சாராயத்தப் பத்திப் பேசும்போது..." என்று இழுத்தார் மரகதவேல்.

"இல்ல, நீங்க கோர்ட்டு..." சூசை பாதியில் நிறுத்தினார். உள்ளே இருப்பது தன் மகன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அமலா" என்று உள்ளே குரல் கேட்டது.

"அமலா, எய்யா!"

மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை.

சூசை எழுந்தார். கதவு திறந்தே கிடந்தது. அவரால் அதைத் தாண்ட முடியவில்லை.

வெகுநேரம் கழித்துத் தைலம்மை வெளியே வந்தார். சேலையெல்லாம் நனைந்திருந்தது. கையிலிருந்த செம்பை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க," என்றார். "கேக்கேன்."