முத்துக்காளையின் இடது கால்

கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில், பனி விலகாத ஒரு சரிவில் சின்னதாக ஒரு மடம் இருந்தது. அதன் குரு தவமணி அம்மாவுக்கு நாற்பது வயசுதான். கடைசியாக வந்து சேர்ந்த சிஷ்யை ஆவுடையம்மாளுக்கோ அறுபது தாண்டியாச்சு. அதனால் என்ன? சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். குரு சிஷ்யையை "அக்கா" என்பார். அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஆவுடையம்மாள் விருதுநகர்க்காரி. வெயிலிலேயே வளர்ந்த உடம்பு. பிள்ளைகுட்டி கிடையாது. புருஷன் போனபின் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மலையேறி வந்தவள். வந்த அன்றைக்கே குளிரில் பல் தந்தியடித்தது. தவமணி அம்மா உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கம்பளி நூற்கண்டையும் ஊசிகளையும் கையில் கொடுத்து, "சாக்ஸ் பின்னப் படிங்க அக்கா, குளிருக்கு ஆகும்" என்றார்.

படித்தாள். அங்கேதான் வந்தது வினை. பின்னல் அவளுக்குப் பிடித்துப் போய்விட்டது! கண்ணி மேல் கண்ணி ஏறி, வட்டம் வட்டமாகச் சாக்ஸ் வளர்வதைப் பார்த்துவிட்டால் அப்புறம் சோறு தண்ணி வேண்டாம். குதிகாலைத் திருப்புகிற இடம் வந்தால் நாக்கைத் துருத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் பின்னிக்கொண்டே ஏதோ பாட்டை முனகினாள். முனகுவது தன் வாய்தான் என்று தெரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு நேரே குருவிடம் போனாள்.

"அம்மா, நான் ஊருக்குப் போறேன்."

"ஏன் அக்கா?"

"அவர் செத்து இன்னும் வருஷம் திரும்பல. நான் இங்க உக்காந்து பாட்டுப் படிக்கிறேன். என்னைப் பார்த்தா எனக்கே அசிங்கமா இருக்கு. அவர் செத்த ஊர்ல கிடந்து அழுதாலாவது ஒரு நியாயம் இருக்கும்."

"அங்க யார் இருக்கா?"

"யாரும் இல்ல. இங்க மட்டும் யார் இருக்கா? எல்லாம் நேத்துப் பார்த்த முகம்."

"சரி, போங்க. போறதுக்கு முன்னாடி முத்துக்காளை அண்ணனுக்கு ஒரு ஜோடி பின்னிக் கொடுத்துட்டுப் போங்க. மனுஷன் கால் சில்லிட்டுக் கிடக்கார்."

முத்துக்காளை மடத்துச் சமையல்காரர். மூச்சிரைப்பில் படுத்தவர், அந்த மழைக்காலம் முழுக்க எழுந்திருக்கவில்லை. ஆவுடையம்மாள் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து பாதத்தைச் சாண் போட்டு அளந்தாள்.

"என்ன அண்ணே இது, காலா தோணியா?"

"அடுப்படியில நின்னு நின்னு பரந்து போச்சு தாயி. நூல் பத்தலைன்னா சொல்லு, ரெண்டு விரலை வெட்டிருவோம்."

சிரித்துவிட்டாள். சிரித்ததற்கும் சேர்த்துப் பிறகு தனியாகப் போய் அழுதாள்.

வலது கால் முடிந்தது. போட்டுவிட்டதும், "ஆகா, அடுப்புப் பக்கத்துல நிக்கிற மாதிரில்லா இருக்கு!" என்றார் முத்துக்காளை. இடது கால் பாதி ஏறியிருந்தபோது, ஒரு விடியற்காலையில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

குளிப்பாட்டி, முற்றத்துத் தகரக் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். ஆவுடையம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊசிகளை உருவிவிட்டுப் பாதிச் சாக்ஸைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

தவமணி அம்மா பார்த்துவிட்டார். "என்ன பண்றீங்க அக்கா?"

"பிரிக்கிறேன். அவர்தான் போயிட்டாரே. நூலாவது மிஞ்சட்டும்."

"அவர் போயிட்டார். கால் இங்கதானே இருக்கு?"

ஆவுடையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இந்த மடத்துல யாரையும் வெறுங்காலோட மண்ணுக்கு அனுப்புறதில்ல அக்கா. மேல்மலை மண்ணு குளிர்ந்த மண்ணு."

"அப்ப வேற யாரோட சாக்ஸையாவது போட்டுவிடுங்களேன்."

"அந்தக் காலுக்கு எது ஏறும்?"

ஆவுடையம்மாள் கண்ணிகளைத் திரும்ப ஊசியில் கோத்தாள். புருஷனை அவள் வெறுங்காலோடுதான் அனுப்பினாள். விருதுநகர் வெயிலில் செத்தவர் காலுக்குக் குளிருமே என்று யாருக்கும் தோன்றாது.

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் பிணத்துக்கும் அவளுக்கும்தான் இடம். மடத்துக்காரர்களும், தூக்க வந்த பக்கத்து ஊர் ஆட்களும் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். ஒருவன் முணுமுணுத்தான்: "குழியில தண்ணி கோத்துக்கிட்டு இருக்கு. ஒத்தக் காலுக்குப் போட்டது போதாதா?"

தவமணி அம்மா போய் அவன் பக்கத்தில் தானும் நனைந்தபடி நின்றார். அவன் தலைத்துண்டைப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டான்.

குதிகால் வந்தது. விரல்கள் தானாக வேகம் பிடித்தன. கம்பளி அழகாக வளைந்து திரும்பியது. சட்டென்று ஆவுடையம்மாள் கை நின்றுவிட்டது. முகத்தை மூடிக்கொண்டாள். குரு கிட்டே வந்தார்.

"என்னால முடியாதும்மா. வேற யார்கிட்டயாவது குடுங்க."

"ஏன்?"

"சொல்ல வாய் கூசுது. பிணத்துப் பக்கத்துல உக்காந்திருக்கேன், குதிகால் திரும்பினதும் மனசு துள்ளுது. நானெல்லாம் என்ன ஜென்மம்?"

தவமணி அம்மா பாதிச் சாக்ஸை வாங்கி, உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"வேண்டாவெறுப்பாப் பின்னினா இவ்வளவு கதகதப்பு வருமா? பின்னுங்க அக்கா. அண்ணன் காத்துக்கிட்டிருக்கார்."

பின்னினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்தது, சந்தோஷமும் அதுபாட்டுக்கு இருந்தது. முடித்து, தன் கையாலேயே அந்த இடது காலில் மாட்டிவிட்டாள். கால் கல்லாகக் குளிர்ந்திருந்தது. அதன் பிறகுதான் தூக்கினார்கள். குழியில் நின்ற தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் இறக்கினார்களாம்.

எல்லாரும் திரும்பி வந்து, குளித்து, கஞ்சி குடித்தாயிற்று. ஆவுடையம்மாள் பையோடு வந்து நின்றாள்.

"சாயங்கால பஸ்ஸுக்குப் போறேன்மா. சொன்ன ஜோடியை முடிச்சுட்டேன்."

"முடிச்சுட்டீங்க."

"என்னைத் தடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க அக்கா."

"என்னம்மா?"

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, மழையோ வெயிலோ, நாங்க எல்லாரும் யார் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்?"

ஆவுடையம்மாள் தெருப் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தத் தெருவில் காலி செய்துவிட்டு வந்த வாடகை வீடுதான் இருந்தது; பையை மெல்லக் கீழே வைத்தாள்.